எழுந்தால் இடம் போய்விடும்

அன்பு மகள் பிரின்சிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்கத் தினமும் ஜெபிக்கிறோம். கால் வீக்கம் குறைந்ததா? உப்பைக் குறை, ஊறுகாய் பாட்டிலைக் கண்ணில் படாத இடத்தில் வை. போனில் சொன்னால் நானும் அழுவேன் நீயும் அழுவாய், அதனால்தான் கடையில் உட்கார்ந்தபடியே எழுதுகிறேன்.

தலைப்பிரசவத்துக்கு நீ இங்கே வரக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் நானே புனே வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். என்னால் வர முடியாது பிரின்சி, திட்டுவதென்றால் இப்போதே திட்டிக்கொள். மார்க்கெட்டை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். புதுக் கடை யாருக்கு என்று எழுத ஒருநாள் அதிகாரிகள் வருவார்களாம், கடை யார் பெயரில் இருக்கிறதோ அவரே ஆதாரோடு இடத்தில் இருக்க வேண்டுமாம், என்றைக்கு என்று மட்டும் சொல்ல மாட்டார்களாம். நம் கடை என் பெயரில்தானே இருக்கிறது. இருபத்தேழு நாளாக ஒருவரும் நகரவில்லை, ஜுரத்தோடு ஒருவர் வெங்காய மூட்டை மேலேயே படுத்திருக்கிறார். போன செவ்வாய்க்கிழமை நான் பாத்ரூம் போயிருந்தபோது வந்துட்டாங்க என்று யாரோ கத்த, பாதியில் ஓடி வந்தேன், பார்த்தால் கரண்ட் ரீடிங் எடுக்கிறவர். எல்லாரும் சிரித்தார்கள், எனக்கு அழுகைதான் வந்தது. பத்து நாள் போய் வரட்டுமா என்று பக்கத்துக் கீரைக்கடை லட்சுமியம்மாளிடம் கேட்டேன், எய்ந்து போனா எடம் பூடும் மெர்சி, அப்பால இன்னா பண்ணுவ என்கிறாள்.

கடையை விட்டுத் தொலைக்கட்டுமே என்று மாப்பிள்ளை சொன்னாராம். கும்மிடிப்பூண்டியில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் அரைக் கிலோ உருளைக்கிழங்கும் நாலு பச்சை மிளகாயும் கேட்பார்கள், நாலு மிளகாயை எந்தப் பெரிய கடையில் கொடுப்பார்கள்? ஒடிசாவிலிருந்து புதிதாக வந்தவர் ரூம் கிடைக்குமா, வேலை கிடைக்குமா என்று கேட்பதும் எங்களிடம்தான். அதில் எனக்குப் பெருமைதான், அந்தப் பெருமையும் சேர்ந்துதான் என்னைக் கட்டிப் போட்டிருக்கிறது.

அப்பாவை அனுப்புகிறேன். வியாழக்கிழமை வண்டி ஏறுகிறார். பிரசவம் பார்க்க ஆம்பளையா என்று உன் மாமியார் கேட்டால் கேட்கட்டும். மிளகு, சுக்கு, பூண்டு, சுறாக் கருவாடு எல்லாம் இங்குள்ள பெண்களே பையில் கட்டிக் கொடுத்து, பத்தியக் குழம்பு வைக்கவும் அவருக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். குழந்தையைக் குளிப்பாட்டத் தெரியுமா என்று அவரைச் சந்தேகப்படாதே. நீ பிறந்த முப்பதாம் நாளே நான் கடைக்கு வந்துவிட்டேன். இரும்பு ஆலையில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து, காலை நீட்டி உன்னைப் போட்டுக் குளிப்பாட்டியவர் அவர்தான். அம்மாதான் குளிப்பாட்டினேன் என்று இத்தனை வருஷமும் உன்னிடம் பொய் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கும் என்னால் எழுந்து வர முடியவில்லை.

கர்த்தர் உன்னையும் பிள்ளையையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். வலி எடுத்ததும் அப்பாவை எனக்குப் போன் பண்ணச் சொல். பிள்ளை பிறந்ததும் போட்டோ அனுப்ப வேண்டாம், முதலில் அது அழுவதை நான் கேட்க வேண்டும். இங்கே சத்தம் அதிகம், போனை அதன் வாய்க்குக் கிட்டே வைக்கச் சொல்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
மெர்சி பாக்கியராஜ்