தொண்ணூற்றொன்று புள்ளி மூன்று

ஏப்ரல் 9

அன்புள்ள ஒட்டடைக்குச்சிக்கு,

ஒரு வருஷமாக நானும் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. யார் முதலில் நிறுத்தியது என்று ஆராய வேண்டாம். நேற்று உன் எண்ணுக்கு இரண்டு முறை அழைத்தேன். அப்படி ஓர் எண்ணே இல்லை என்றது ஒரு பெண்குரல். உன் வீட்டு முகவரி மட்டும் என் பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. அதனால் இந்தக் கடிதம்.

பாசத்தினால் மட்டும் அழைத்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். நாம் படித்த கல்லூரியிலேயே எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. பாடம் நடத்துகிற வேலை என்று நினைத்துவிடாதே. நிர்வாகக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், ஜெராக்ஸ் இயந்திரத்துக்கும் கை கழுவும் தொட்டிக்கும் நடுவில் ஒரு மேஜை. படித்து முடித்து இரண்டு வருஷம் ஆனவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பட்டத்துக்கு ஏற்ற வேலையில் இருக்கிறீர்களா என்று கேட்க வேண்டும். விடைக்கு மூன்று கட்டங்கள்: ஆம், இல்லை, தொடர்பு கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் சதவீதமாக்கி, புதிதாகச் சேர வருகிறவர்களுக்குக் கொடுக்கும் கையேட்டில் அச்சடிப்பார்கள். ஜூலை வரை எனக்கு ஒப்பந்தம்.

இந்த வருஷம் நம் வகுப்பின் முறை. முப்பத்தெட்டுப் பேர். நம் தங்கப்பதக்கத்தை முதலில் கூப்பிட்டேன். “அண்ணன் கடையில பில் போட்டுக்கிட்டு இருக்கேன். அது ஏத்த வேலையா இல்லையா, நீயே சொல்லு” என்றான். “கூட்டல் கழித்தல் இருக்குல்ல? அப்போ ஏத்த வேலைதான்” என்றேன். சிரித்தான். நானும் சிரித்துவிட்டு ‘ஆம்’ கட்டத்தில் குறியிட்டேன்.

நீ என்ன செய்கிறாய்? உண்மையைச் சொல்லு. என் அளவு மேஜை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உன் காலுக்கு எந்த மேஜையும் போதாது என்பது வேறு விஷயம். அம்மாவுக்கு என் வணக்கம். உன் தங்கை இந்நேரம் பள்ளியை முடித்திருப்பாளே?

உன்,
பின்னம்
(உன் உயரத்தில் பாதி, இன்றுவரை)


ஏப்ரல் 21

பின்னம்,

உன் கையெழுத்து இன்னும் எறும்பு ஊர்கிற மாதிரிதான் இருக்கிறது. பிரித்ததும் தெரிந்துவிட்டது.

எண்ணை மாற்றிவிட்டேன். புது எண்ணை யாருக்கும் தரவில்லை. ‘இப்ப என்ன பண்றே’ என்று கேட்காத ஆள் ஒருவர்கூடக் கிடைக்காததால் அந்த ஏற்பாடு. வேலை செய்கிற இடத்தில் கைப்பேசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மருந்துக் கம்பெனிகளின் சரக்கு வந்து இறங்கும் கிடங்கு. அட்டைப்பெட்டிகளின் மேல் இருக்கும் கோடுகளை ஒரு சிறு கருவியால் தொட வேண்டும். தொட்டால் கீச்சென்று ஒரு சத்தம் வரும். வராவிட்டால் மறுபடி தொட வேண்டும். மேல் அடுக்குகளுக்கு மற்றவர்கள் ஏணி போடுகிறார்கள், நான் போடுவதில்லை. மேற்பார்வையாளர் முதல் நாளே “உன்னை வேலைக்கு எடுத்தா ஒரு ஏணி மிச்சம்மா” என்றார். நேர்முகத் தேர்வு அவ்வளவுதான். அதற்கு முன்னால் போன முப்பத்தோரு நேர்முகத் தேர்வுகளில் யாரும் அத்தனை தெளிவாகப் பேசவில்லை.

உன் கட்டங்களைப் பற்றி யோசித்தேன். ‘ஆம்’ என்று போட்டால் பொய். ‘இல்லை’ என்று என்னைப் பற்றி எங்கோ ஒரு தாளில் எழுதியிருக்கும் என்பது பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்காதே. என்னை மூன்றாவது கட்டத்தில் போட்டுவிடு. தொடர்பு கிடைக்கவில்லை. இரண்டு முறை அழைத்தாய், கிடைக்கவில்லை. அது உண்மைதானே?

அம்மா நலம். தங்கை தேர்வு எழுதிவிட்டாள். கணக்கில் நூற்றுக்கு நூறு வரும் என்கிறாள். வரும். என்னைவிடக் கெட்டிக்காரி, உயரமும் என்னை எட்டிவிட்டாள். கண் பரிசோதனைப் படிப்புக்கு ஓர் இடம் அவளுக்காகப் பேசி வைத்திருக்கிறேன். படித்து வெளியே வந்த எல்லாரும் ஏதாவது ஒரு மருத்துவமனையில் இருக்கிறார்கள், நானே விசாரித்தேன்.

அன்புடன்,
ஒட்டடை


மே 6

அன்புள்ள ஒட்டடைக்கு,

நீ சொன்னபடியே போட்டுவிட்டேன்.

அதன் பிறகு நடந்ததையும் சொல்கிறேன். மறுநாள் நம் விடுதியில் எட்டாம் அறையில் இருந்தாளே, பாடகி, அவளைக் கூப்பிட்டேன். வேலையா என்று கேட்டதும் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு உன் கடிதம் ஞாபகம் வந்தது. “வேணும்னா உன்னைக் கிடைக்கலைன்னு போட்டுக்கட்டுமா?” என்றேன். “அப்படிப் போடலாமாடி? போட்டுடு, புண்ணியமாப் போகும்” என்றாள். அவள் குரலில் அத்தனை ஆறுதல். அப்புறம் குரல் தயங்கிய ஒவ்வொருவரிடமும் அதையே கேட்டேன். பெரும்பாலும் சம்மதித்தார்கள். இரண்டு பேர் மட்டும் “இல்லைன்னே போடு, தெரியட்டும்” என்றார்கள். மற்றவர்கள் நன்றி சொன்னார்கள். இந்த வேலையில் எனக்கு வேறு யாரும் நன்றி சொன்னதில்லை.

நம் வகுப்பு முடிந்தது. இப்போது வேதியியல் நடக்கிறது. மத்தியானம் ஜெராக்ஸ் இயந்திரத்தின் சூட்டில் என் இடது பக்கம் மட்டும் வியர்க்கிறது. வாசித்துக்கொண்டிருந்த நாவலைப் பாதியில் வைத்துவிட்டேன். கதை நன்றாகத்தான் போகிறது. எனக்குத்தான் யாருக்கு என்ன ஆனாலும் ஒன்றும் தோன்றவில்லை.

கண் படிப்பு நல்ல யோசனை. சேர்ந்ததும் எழுது.

உன்,
பின்னம்


ஜூன் 8

பின்னம்,

உங்கள் கையேடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. தங்கை எழுதிப் போட்டு வரவழைத்திருக்கிறாள், எனக்குத் தெரியாமல். அவளும் அங்கேயே கணிதம் சேர வேண்டுமாம். பதினேழாம் பக்கத்தில் பெரிய எழுத்தில்: கணிதம், பட்டத்துக்கு ஏற்ற வேலையில் இருப்பவர்கள் 91.3 சதவீதம். எல்லாத் துறைகளிலும் அதுதான் அதிகம். அடியில் பொடி எழுத்தில், ‘தொடர்பு கிடைத்தவர்களில்.’

கிடங்கில் இடைவேளையில் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, கிழிந்த லேபிளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். முப்பத்தெட்டு வரை ஒவ்வொரு எண்ணையும் கீழே வைத்து வகுத்துப் பார்த்தேன். 91.3 தருவது ஒன்றே ஒன்றுதான். இருபத்து மூன்றில் இருபத்தொன்று. அப்படியானால் பதினைந்து பேரை எடுத்துவிட்டீர்கள். மேலே அவர்கள் எப்படியும் இல்லை, கீழிருந்தும் எடுத்துவிட்டீர்கள். கீழே முப்பத்தெட்டை வைத்தால் 55.3. அதில் அண்ணன் கடையில் பில் போடுகிறவனும் உண்டு.

தங்கையிடம் சொன்னேன். லேபிளையும் காட்டினேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? “அக்கா, உனக்குக் கிடைக்கலைங்கறதுக்காக யாருக்குமே கிடைக்காதுன்னு சொல்லாதே. நூத்துல ஒன்பது பேருக்குக் கிடைக்கலை. அதுல நீ ஒருத்தி. பாவம்தான்.” அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டே “அவ சொல்றதும் நியாயந்தானே” என்றாள். நான் அந்த ஒன்பது பேரில்கூட இல்லை என்று எப்படிச் சொல்வேன்? சொன்னால், ஏன் என்று கேட்பாள்.

கண் படிப்புக்கு ஜூன் 20க்குள் சம்மதம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அவள் என் பேச்சைக் கேட்கமாட்டாள். அச்சடித்ததைத்தான் நம்புவாள். உன் அலுவலகத் தாளில் அவளுக்கு நான்கு வரி எழுது. முப்பத்தெட்டுப் பேரில் இருபத்தொரு பேர் என்று எழுது. போதும். வேறு அறிவுரை வேண்டாம்.

உன்னிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

ஒட்டடை


ஜூன் 24

அன்புள்ள ஒட்டடைக்கு,

இருபதாம் தேதிக்கு முன்னால் எழுதியிருக்க வேண்டும். நான் எழுதவில்லை. என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே எங்கள் அலுவலகத்தின் இயக்குநரிடம் போனேன். பதினைந்து பேரைப் பற்றிச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார். “கிடைக்காதவங்களை எப்படிம்மா கணக்குல சேர்க்கறது? அவங்க எல்லாரும் நல்லா இருக்கலாம்ல?” என்றார். அவர்கள் கிடைத்தார்கள், கிடைக்கவில்லை என்று போட்டது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். என் ஒப்பந்தம், இன்னும் இரண்டு வருஷத்துக்கு. “கணிதத்துல இந்த மாதிரி எண் இதுவரைக்கும் வந்ததே இல்லை. நல்லா வேலை செய்யறே” என்றார். கையெழுத்துப் போட்டேன். பேனாகூட அவருடையதுதான்.

இன்னொன்று. அந்த இருபத்தொரு பேரில் நானும் ஒருத்தி. வேலை கிடைத்ததா என்று மற்றவர்களைக் கேட்பதுதான் எனக்குக் கிடைத்த வேலை. அதை ‘ஆம்’ கட்டத்தில் போட்டிருக்கிறேன்.

உன் தங்கைக்கு நான்கு வரி எழுதினேன். அலுவலகத் தாளில், நீ சொன்னபடியே. அதை உறையில் போட்டு, முகவரி எழுதி, மேஜையில் வைத்திருந்தேன். தினமும் மாலையில் தபால்பெட்டியைக் கடந்துதான் பேருந்துக்குப் போகிறேன். ஏன் போடவில்லை என்று நீ கேட்டால் ஒரு காரணம் சொல்ல முடியும். ஆனால் அந்த நாட்களில் எனக்கு அந்தக் காரணமும் தோன்றவில்லை. கை போகவில்லை, அவ்வளவுதான்.

பத்தொன்பதாம் தேதி காலை அவளே வந்தாள். கதவு நிலையில் இடித்துக்கொள்ளாமல் குனிந்து நுழைந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. கையேட்டை விரித்து மேஜையில் வைத்தாள். “இது நீங்க போட்ட கணக்கா அக்கா?” என்றாள்.

“ஆமா.”

“எங்க அக்கா இது தப்புன்னு சொல்றாங்க. அவங்களும் இங்கதான் படிச்சாங்க. நீங்களே சொல்லுங்க, இது சரிதானே?”

உறை என் முழங்கைக்கு அடியில் இருந்தது. அவளுடைய முகவரி எழுதியிருந்த பக்கம் மேலாக இருந்தது. நான் முழங்கையை எடுக்கவில்லை. ஒரு தாளில் இருபத்தொன்றை இருபத்து மூன்றால் வகுத்துக் காட்டினேன். நீளமாக, நான்கு தசம தானங்கள் வரைக்கும். “வகுத்தது சரிதாம்மா” என்றேன்.

“தேங்க்ஸ்க்கா” என்றாள். அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கேட்டால் நீ பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தச் சிரமத்தையும் உனக்குக் கொடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பின்னம்


ஜூலை 9

பின்னத்துக்கு,

உன் கடிதம் வந்தது.

தங்கை உங்கள் கல்லூரியிலேயே சேர்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் விடுதி வாசல்வரை போய்விட்டுத் திரும்பினோம். இரும்புக் கட்டில், தலைமாட்டில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்குக் கீழே யாரோ பென்சிலால் நாட்களை எண்ணிக் கோடு போட்டிருந்தார்கள். அவள் அதை அழித்துக்கொண்டிருந்தாள். கண் படிப்பு இடம் எங்கள் தெருமுனைத் தையற்காரரின் மகளுக்குப் போனது. நல்ல பெண்.

உன்னைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி வந்த அன்றே தங்கை உன்னைப் பற்றிச் சொன்னாள். “மூணாவது மாடியில ஒரு அக்கா இருக்காங்க, ரொம்பப் பொறுமை. நாலு தானம் வரைக்கும் வகுத்துக் காட்டினாங்க, நீ கேட்டுக்கோ” என்றாள். தாளைக் காட்டினாள். எறும்பு ஊர்கிற கையெழுத்து. நான் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். உன்னைத் தெரியும் என்று சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. அந்தக் கட்டடத்தில் அவளுக்குத் தெரிந்த ஒரே ஆள் இப்போதைக்கு நீதான். அவள் ஏதாவது கேட்டு வந்தால் உட்காரச் சொல்லு.

மூன்றாவது கட்டத்தை முதலில் கேட்டது நான்தான். நான் கேட்டிருக்காவிட்டால் மற்றவர்களிடம் நீ அதைச் சொல்லியிருக்கமாட்டாய். கிடங்கில் பெட்டிகளைத் தொடும்போது இதை அடிக்கடி நினைக்கிறேன். உன்னை எங்கே நிறுத்துவது, என்னை எங்கே நிறுத்துவது என்று பிரிக்கப் பார்க்கிறேன். பிரியவில்லை. கீச்சென்று சத்தம் வந்ததும் அடுத்த பெட்டிக்குப் போய்விடுகிறேன்.

உன் மேல் கோபம் வரும் என்று பத்து நாளாகக் காத்திருந்தேன். வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன்னோடு படித்தவள்