மூன்று நாளாக நெஞ்சு நோவு

என் வாப்பாவே, உங்களுக்கு ஸலாம். உங்களை அடக்கிய மையவாடிக்குள் வந்து நின்று சொல்லிப் பார்த்தேன், வாய் எழும்பவில்லை. அதனால் எழுதுகிறேன்.

தங்கச்சி பௌசியா உங்களுக்கு இரண்டு கபுர் தள்ளி மண்ணுக்குள் வந்து படுத்திருக்கிறாள். போன கிழமைதான். "இந்த வயசில என்ன மகள் இஞ்ச வந்த?" என்று கேட்டிருப்பீர்களா? அவள் என்னைக் காட்டிக் கொடுத்திருக்க மாட்டாள். நானே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் மவுத்தான அன்று ஆஸ்பத்திரியில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. கிணற்றடியில் மோட்டருக்குப் பக்கத்தில் ஈரக் காலோடு கிடந்த உங்களைத் தூக்கிக்கொண்டு போனோம். உயிர் இல்லை என்றார்கள். மரண விசாரணை அதிகாரி வரவேண்டும் என்றதும் மாமா என்னை ஒரு மூலைக்கு இழுத்துப் போனார்.

"நெஞ்சு நோவு இரிந்த எண்டு சொல்லு மனே. இல்லாட்டி போஸ்ட்மோட்டம் எண்டு மச்சான்ட மையத்தக் கீறிப் போடுவானுகள். அசர் தொழுகையோட அடக்கணும்."

உங்கள் பிரஷர் கிளினிக் கொப்பியை எடுத்து நீட்டினேன். "முன்னமே நோவு சொன்னவரா?" என்று அதிகாரி கேட்டார். "ஓம் சேர். மூணு நாளா." அந்த மூன்று நாள் மாமா சொல்லித் தந்ததல்ல, என் வாயில் தானாக வந்தது. வேறு சந்தேகம் உண்டா என்றார். இல்லை என்று கையெழுத்து வைத்தேன்.

குளிப்பாட்டும்போது உங்கள் வலது உள்ளங்கையில் கறுத்த பொட்டு ஒன்றைக் கண்டேன். தோல் கருகியிருந்தது. விரல்களை மடக்கி மூடினேன். ஊரே என்னை மெச்சியது. கீறாமல் எடுத்துவிட்டானாம், கெட்டிக்காரனாம்.

மோட்டரை ஏன் மாற்றவில்லை என்று கேட்கிறீர்களா? நெஞ்சு நோவில் போன மனிதருக்கு மோட்டர் என்ன செய்தது என்று உம்மா கேட்பாவே! வயருக்கு டேப் சுற்றினேன். அவ்வளவுதான். இரண்டு மாதம் கழித்துப் பௌசியா சொன்னாள்: "காக்கா, மோட்டர் கையில சுள்ளுங்குது. ஒருக்காப் பாரன்." "செருப்பப் போட்டுக்கிட்டுப் போடு புள்ள, ஒண்டும் ஆகாது" என்றேன். பாவி நான்.

போன கிழமை அதே கிணற்றடி, அதே ஆஸ்பத்திரி, அதே அதிகாரி. மாமா மறுபடியும் என்னை மூலைக்கு இழுத்தார். "அவளுக்கு இழுப்பு இரிந்ததானே, அதச் சொல்லுவம்."

"கரண்ட் அடிச்ச சேர்," என்றேன். "வாப்பாவுக்கும் அதுதான். நான் பொய் சொன்ன."

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மாமா, "நாசமாப் போவானே!" என்று கத்திவிட்டு வெளியே போனார். பிணவறை வாசலில் நான் மட்டும் நின்றேன். மறுநாள் லுகர் தொழுகைக்குப் பிறகுதான் மையத்தைத் தந்தார்கள். குளிப்பாட்டிய பெண்கள், கீறிய இடத்தை ஒழுங்காகத்தான் தைத்திருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார்கள். அந்தத் தையலுக்குப் பயந்துதானே வாப்பா நான் அவளைக் கொன்றேன்?

உம்மா என்னோடு கதைப்பதில்லை. சோறு மட்டும் போட்டு மூடி வைக்கிறா. மோட்டரைப் பொலிஸ் கழற்றிக்கொண்டு போய்விட்டது. கிணற்றில் இப்போது வாளி போட்டுத்தான் அள்ளுகிறோம்.

நாளைக்கு நீதிவானிடம் போகிறேன். உங்கள் மரணச் சான்றிதழில் இருப்பது உங்கள் நோயல்ல, என் பொய். அதைத் திருத்தச் சொல்வேன். கபுரைத் திறக்கவேண்டும் என்றால் மறுக்க மாட்டேன், கூடவே வந்து நிற்பேன். அந்தக் கையை இன்னொரு முறை மூட மாட்டேன், வாப்பா.

உங்கள் மகன்,
பௌசியாவின் காக்கா