கடலுக்குப் போன தண்ணீர்

திருப்பனந்தாள்,
ஜூலை 3

அன்புள்ள பிரதீபா,

நீ போனை எடுப்பதில்லை. நேற்று உன் அப்பா எடுத்தார். பக்கத்தில் உன் குரல் கேட்டது. "எதிர்ல உக்காந்து சாப்பிட்டப்போ வாய் வரல. இப்ப என்ன பேச்சு? எழுதச் சொல்லுங்கப்பா."

எழுதுகிறேன்.

போன ஐப்பசியில் கொள்ளிடத்தில் ஒன்றரை லட்சம் கன அடி திறக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அணையில் ஷட்டர்களை ஏற்றிவிட்டு குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். உன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன். சொல்லவில்லை. கரையோர ஊர்களுக்கு அறிவிப்பது வேறு யாருடைய வேலையோ என்று இருந்துவிட்டேன். எனக்கு அது ஓர் எண். ஆறு முடிகிற இடத்தில் உன் அப்பாவின் படகு கட்டியிருப்பது நினைவில் வரவில்லை.

படகு போனது. மறுவாரம் நீயும்.

இன்று காலை பத்து மணிக்கு இரண்டாயிரம் கன அடி திறந்தோம். முன்பெல்லாம் மூன்றாம் நாள் உங்கள் ஊரைத் தொடும். வந்ததா என்று மட்டும் எழுது.

விஸ்வா


பழையாறு,
ஜூலை 13

விஸ்வாவுக்கு,

மூன்றாம் நாள் வரவில்லை. ஐந்தாம் நாளும். தினமும் கடல் உள்வாங்கும் நேரம் பார்த்துப் படகுத்துறையில் இறங்கி, விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். கடல்தான். எட்டாம் நாள் உப்புக் கரிப்பு கொஞ்சம் குறைந்தது. மறுநாள் பழையபடி.

தெருவில் அடிபம்பும் கரிக்கிறது. குடிதண்ணீர் வண்டிக்காக அம்மா குடத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். நல்ல தண்ணீர் வந்தால்தான் கொடுவா மீன் குஞ்சு ஆற்றுக்குள் ஏறும். இந்த வருஷம் ஏறவில்லை. அப்பா இன்னொருவர் படகில் போகிறார்.

உங்கள் பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு. 'கடலில் வீணான நீர்.' கல்யாணமான புதிதில் காட்டினீர்கள். நான் சிரித்தேன்.

அந்தக் கட்டத்தில்தான் எங்கள் ஊர் இருக்கிறது.

நா. பிரதீபா


திருப்பனந்தாள்,
ஆகஸ்ட் 9

அன்புள்ள பிரதீபா,

ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்குள் இறங்கிக் கிழக்கே நடந்தேன். மணல் அள்ளிய குழிகள். ஒவ்வொன்றிலும் பச்சையாகத் தண்ணீர். ஜூலையில் உனக்கு அனுப்பியதுதான். பாதி வழியில் நிற்கிறது.

மேலே, ஆறு பிறக்கிற பக்கம், மழையும் முன்போல் இல்லை. வாரக்கணக்கில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு மாதத்து மழை இரண்டே நாளில். நேற்று தண்ணீரை நிறுத்தி ஷட்டரை இறக்கச் சொன்னார்கள். இறக்கினேன். அதையும் சொல்ல வேண்டும் அல்லவா.

பதிவேட்டில் அந்தத் தலைப்பை அடித்துவிட்டு 'பழையாறு' என்று எழுதினேன். கிளார்க் கமருன்னிஸா பார்த்துவிட்டார்.

"என்ன சார், வீட்டம்மா ஊரா?"

"தண்ணி போற ஊரும்மா."

"மெமோதான் வரும் சார்."

வந்தது. இன்னும் பதில் எழுதவில்லை.

குழம்பில் உப்புப் பார்க்கும்போதெல்லாம் உன் விரல் நினைவுக்கு வருகிறது.

விஸ்வா


திருப்பனந்தாள்,
அக்டோபர் 24

பிரதீபா,

நாளைக் காலை பத்து மணிக்கு ஒரு லட்சம் கன அடி. இந்தக் கடிதம் தண்ணீருக்குப் பிறகுதான் வரும். தெரியும்.

உத்தரவு வந்ததும் உனக்குப் போன் அடித்தேன். ஏழு முறை. பிறகு உன் அப்பாவுக்கு.

"மாமா, நாளைக்குத் தொறக்கிறோம். நாளன்னிக்கு அங்க வந்துரும்."

"எவ்வளவு மாப்ள?"

"லட்சம்."



"சரி, படகையெல்லாம் கட்டிர்றோம். நீங்க சாப்பிட்டாச்சா?"

"இல்ல மாமா. சொல்லிட்டு சாப்பிடலாம்னு."

விஸ்வா


பழையாறு,
அக்டோபர் 29

அன்புள்ள விஸ்வா,

நீங்கள் அழைத்தபோது போன் அடுப்படியில் கிடந்தது. அப்பா சொன்னதும் வீடு வீடாக ஓடினேன். இருட்டுவதற்குள் எல்லாப் படகையும் ஓடைக்குள் இழுத்துக் கட்டினார்கள். ஒன்றுகூடப் போகவில்லை. கரையில் ஒரு துண்டு நிலமும் இரண்டு தென்னையும் போயின.

"யாரு சொன்னது?" என்று தெருவில் கேட்டார்கள். "எங்க வீட்டுக்காரர்" என்றேன். சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

இன்று விரலை நனைத்தேன். மண்வாசனை. துளி உப்பில்லை. கடலுக்குள் வெகுதூரம் பழுப்பாகக் கிடக்கிறது.

எப்போது வருகிறாய் என்று இப்போது கேட்காதீர்கள். தை பிறந்தால் உப்பு மறுபடி ஏறும். எந்த நாள், எவ்வளவு என்று இங்கிருந்து ஒருவர் சொல்ல வேண்டும். மெமோவுக்குப் பதில் எழுதும்போது, அந்தக் கட்டத்தில் ஆள் இருக்கிறது என்று எழுதுங்கள்.

எனக்கு இனி எழுத வேண்டாம். கூப்பிடுங்கள். எடுக்கிறேன்.

பிரதீபா