இடப்பக்க ஜன்னல்

மார்ச் 3, திங்கள்

இருபத்து மூன்றாவது வரிசை. இடது ஜன்னல்.

மூன்று நாளாக இதே வேலை. விமானத்தில் எந்த வரிசையில் இறக்கை மறைக்கும், எந்தப் பக்கம் பனிமலை தெரியும். அண்ணன் ஊருக்குப் போய் வந்தவர்கள் எல்லோரும் ஒன்றுபோல எழுதியிருக்கிறார்கள்: போகும்போது இடது.

அண்ணன் போனில் சிரித்தான். "ஏறினதும் அம்மா தூங்கிடுவாங்க. எந்தப் பக்கமா இருந்தா என்ன?"

முப்பது வருஷம் பூகோளம் நடத்தியவள், கரும்பலகை முழுக்க மலை வரைந்தவள், ஒரு பனிமலையைக்கூட நேரில் பார்த்ததில்லை என்றேன்.

பொய் இல்லை. ஆனால் எனக்குப் போக வர டிக்கெட். அம்மாவுக்குப் போக மட்டும்.

மார்ச் 6, வியாழன்

அடுத்த மாதம் ஒன்றாம் தேதி புது வேலையில் சேர வேண்டும். தங்குவது விடுதி அறையில். அண்ணன் வீட்டில் அம்மாவுக்கு இடம் இருக்கிறது. எல்லாம் சரிதான்.

"ஏன்டி மூஞ்சிய இப்படி வெச்சிருக்க?" என்றாள் அம்மா. "என்னைய பார்சல்லயா அனுப்பற? ஜன்னல் சீட்டுதானே?"

மார்ச் 8, சனி

பக்கவாதம் வந்து எட்டு மாதம். கால் தேறிவிட்டது. இடது பக்கம் மட்டும் அம்மாவுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. பவுடர் வலது கன்னத்தில் மட்டும். சொன்னால், "நல்லாத்தானே இருக்கு" என்கிறாள். கண்ணில் குறையில்லை, மூளைதான் அந்தப் பக்கத்தை மறந்துவிட்டது என்றார் டாக்டர்.

நான் எப்போதும் அவளுக்கு வலப்புறம் நின்றே பேசுகிறேன். பழகிவிட்டது. யோசிப்பதே இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

யோசிக்கவே இல்லை.

மலை வந்தது. விமானமே இடது பக்கம் எட்டிப் பார்த்தது. அம்மா மட்டும் என்னைப் பார்த்தாள். என்னைத் தாண்டி, நடைபாதைக்கு அந்தப் பக்கம் பேப்பர் படிப்பவரைப் பார்த்தாள்.

"எங்கடி மலை?"

"ஜன்னல்ல பாரும்மா."

"ஜன்னல் எங்க இருக்கு?"

அவள் தோளை இடித்துக்கொண்டிருந்தது ஜன்னல். எட்டு மாதம் கூட இருந்து என்ன புண்ணியம்? முட்டாள், முட்டாள். தலையை மெல்லத் திருப்பிவிட்டேன். கையை எடுத்ததும் வலப்பக்கமே போய்விட்டது.

பணிப்பெண்ணிடம் கெஞ்சினேன். அம்மாவைக் கடைசிக் கதவருகே கூட்டிப்போய், விமானத்தின் வால் பக்கம் பார்த்து நிற்கவைத்தோம். இப்போது கதவின் சின்னக் கண்ணாடி அவளுக்கு வலப்பக்கம்.

கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். பிறகு:

"ஐயோ. இத்தன வருஷமும் பசங்களுக்குச் சின்னதாவே வரைஞ்சு காட்டிட்டேனேடி."

பணிப்பெண் சிரித்தாள். நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மார்ச் 10, திங்கள்

அண்ணன் வீடு. அம்மாவுக்குத் தனி அறை, புதுக் கட்டில், புது விரிப்பு. படுத்தால் வலப்பக்கம் சுவர். கதவு, பேத்தியின் மேஜை, தெரு ஜன்னல் எல்லாம் இடது.

கட்டிலைத் திருப்பிப் போட இழுத்தேன்.

"வந்த மறுநாளே வீட்டக் கலைக்கிறியா?" என்றான் அண்ணன். காரணம் சொன்னேன். அவன் மறுமுனையைத் தூக்கினான்.

நான் போன பிறகு இவனுக்கு யார் சொல்வது? விமானத்தில் நானே கோட்டை விட்டேனே.

மார்ச் 12, புதன்

போகாமல் இங்கேயே இருந்துவிடட்டுமா?

மார்ச் 14, வெள்ளி

கிளம்பிவிட்டேன். வாசலில் அம்மா, "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு, சும்மா சும்மா பண்ணாத" என்றாள். டீச்சர் குரல்.

திரும்பும்போது வலது ஜன்னல். வழி முழுக்க மேகம்.

மார்ச் 15, சனி

விடுதிக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது அண்ணன் கூப்பிட்டான். எடுத்ததும் சண்டை.

"நீ போனதுலேருந்து அம்மா பாதிச் சாப்பாட்ட மிச்சம் வெக்கறாங்க. உன் நெனப்புல சாப்பிடலயோன்னு நெனச்சேன். இன்னிக்குத் தட்ட அப்படியே அரைச் சுத்துச் சுத்தி வெச்சேன். மீதியும் காலி! இத ஏன் சொல்லல நீ?"

மறந்துட்டேன் என்றேன்.

"இன்னும் என்னெல்லாம் மறந்திருக்க?"

"தெரியல."

"சரி விடு. நான் பாத்துக்கறேன்."

பெட்டியை மூடினேன்.