நீங்கள் மாற்றிச் சொன்ன வசனம்

என் ஆசை அண்ணைக்கு,

போன கிழமை உங்கள் ஆண்டுத் திவசம் நடந்தது. கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயாசம் என்று ஒன்றும் குறைவில்லாமல் படைத்தோம். வடை நான் சுட்டது, கொஞ்சம் கருகிவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் நக்கலடித்தே என்னைக் கொன்றிருப்பீர்கள். லண்டனில் உங்கள் குட்மேய்ஸ் வீடு அப்படியே இருக்கிறது. சன்னலோரம் உங்கள் கதிரையும் அப்படியே இருக்கிறது. அதில் ஒருவரும் இருப்பதில்லை, ஏன் என்று ஒருவரும் கேட்பதுமில்லை.

சாப்பிட்டு முடிந்த பிறகு உங்கள் படத்தைப் போட்டோம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உங்கள் படம் என்றால் வேறு எது? ஜேர்மனியில் இருந்த காலத்தில் டிவியிலிருந்து பதிந்து வைத்த அந்தக் கறுப்பு வெள்ளை டொச்சுப் படம். லண்டனுக்கு வரும்போது சட்டி பானையைக்கூட விட்டுவிட்டு அந்தக் கசெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தீர்களே, அதுதான். பொலிஸ் பிடித்துக்கொண்டு போன ஒரு பெடியன் காணாமற் போகிறான். அந்த வழக்கில் எதையோ மறைத்தார் என்று அரச சட்டத்தரணி ஒருவரின் பதவியைப் பறித்துத் துரத்திவிடுகிறார்கள். மானம் போன மனுசன் எங்கே போகிறார்? அந்தப் பெடியனின் அக்கா வீட்டிலேயே போய் அறை எடுத்துத் தங்குகிறார். அவள் ஊற்றித் தரும் சூப்பைக் குடித்துக்கொண்டு, அவளோடு சேர்ந்து அவள் தம்பியைத் தேடுகிறார்.

நீங்கள் கதிரையில் இருந்து ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொல்வீர்கள். வீட்டில் டொச்சுப் பாஷை தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்பது எங்கள் எண்ணம். ஜேர்மனியில் டோட்முண்டில் இருந்தபோது கந்தோர், டொக்டர் என்று எங்கே போனாலும் நீங்கள் கதைப்பீர்கள், உங்கள் மனுசி, என் மச்சாள், பின்னால் நிற்பார். படத்தில் ஒரு கட்டம் முடிந்ததும் மச்சாள் உங்கள் பக்கம் திரும்பி, “பிறகு?” என்பார். நீங்கள் தொண்டையைச் செருமிவிட்டு அடுத்ததைச் சொல்வீர்கள்.

கடைசியில் குசினிக் காட்சி வரும். சட்டத்தரணி அடுப்படியில் அந்த அக்காவுக்கு முன்னால் நின்று தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொல்வார். “தம்பி உயிரோடைதான் இருக்கிறானாம். கப்பல் ஏறிட்டானாம்” என்பீர்கள். எனக்குக் கண் கலங்கும். மச்சாளை நினைத்துத்தான் கலங்கும். அவருடைய தம்பி சுதனும் காணாமற் போனவன்தானே.

சண்டை நேரத்தில் சுதன் உங்களோடுதான் ஊரைவிட்டு வெளிக்கிட்டான். வழியில் ஒரு சந்தியில் பிரிந்துவிட்டோம், அவன் வேறு லொறியில் ஏறிப் போனான் என்று சொன்னீர்கள். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் மச்சாள் இத்தனை வருடமாகக் கோயிலில் அர்ச்சனைக்குப் பேர் கொடுக்கும்போது, “சுதன், அத்த நட்சத்திரம்” என்று உயிரோடு இருப்பவர்களின் பேர்களோடு சேர்த்துச் சொல்லிவந்தார். செத்தவருக்குச் செய்ய வேண்டியது எதையும் அவனுக்குச் செய்யவில்லை. செய்வதா, விடுவதா? அந்த ஒரு கேள்விதான் அந்த மனுசியைத் தின்றுகொண்டிருந்தது.

முதலில் உங்கள் கசெட்டைத்தான் போட்டோம். எல்லாம் நன்றாக ஓடியது. குசினிக் காட்சி வந்ததும் படம் வெளிறிப்போய்விட்டது. நின்ற இரண்டு பேருக்கும் முகம் இல்லை. அந்த ஓர் இடம் மட்டும்தான் அப்படித் தேய்ந்திருக்கிறது. நாங்கள் வீட்டில் இல்லாத நேரங்களில் அதையே எத்தனை தரம் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள், அண்ணை?

“டோன்ட் வொறி மாமி, நான் ஒன்லைன்ல தேடி எடுத்து வச்சிருக்கிறன். சப்டைட்டிலும் இருக்கு” என்றாள் துளசி. உங்கள் மகளுக்கு ஒரே சந்தோசம். அப்பாவின் படத்தை அம்மாவுக்குத் தெளிவாகக் காட்டப் போகிறாளாம். போட்டாள். இந்த முறை முகங்கள் தெரிந்தன. கீழே இங்கிலீசில் ஓடியதை அவள் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். வரவரக் குரல் இறங்கியது.

“உன்ரை தம்பி செத்திட்டான்... எனக்கு முதல் நாளே தெரியும். நான் பக்கத்திலை நிண்டனான். சொன்னா உன்ரை மேசையிலை எனக்கு இடம் இருக்காது எண்டு... மாமி, அப்பா இப்பிடிச் சொல்லேல்லையே?”

மச்சாள் டிவியைப் பார்க்கவேயில்லை. உங்கள் கதிரைப் பக்கம் திரும்பி, வழமைபோல, “பிறகு?” என்றார்.

படம் நின்றுவிட்டது. ரிமோட்டைத் தொடவில்லை என்று துளசி சத்தியம் பண்ணுகிறாள். அந்தச் சட்டத்தரணி வாயைத் திறந்தபடி அப்படியே நின்றார். அப்போது கதிரைப் பக்கத்திலிருந்து யாரோ தொண்டையைச் செருமியது கேட்டது. மூன்று பேருக்கும் கேட்டது. “ஹீட்டிங் பைப் மாமி” என்றாள் துளசி. ஆனி மாதத்தில் எந்த விசரன் ஹீட்டிங் போடுவான்? மச்சாள் மட்டும் அசையாமல் காத்திருந்தார். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் படம் தன்பாட்டில் ஓடத் தொடங்கியது.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. “மச்சாள், உங்களுக்கு நோகக்கூடாது எண்டுதான் அண்ணை மாத்திச் சொல்லியிருப்பார்” என்றேன்.

“மாத்தினது எனக்குத் தெரியும் வசந்தி. எனக்கு டொச்சு தெரியும்.”

மச்சாள் டோட்முண்டில் வயோதிபர் இல்லத்தில் உடுப்புத் தோய்த்த காலத்தில் அங்கிருந்த கிழவிகள் நாள் முழுக்கக் கதைத்துக் கதைத்தே பழக்கிவிட்டார்களாம்.

“அப்ப ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்லை?”

“எனக்காகக் கதைக்கிறது அவருக்கு ஒரு பெருமை. விட்டிட்டன். முதல்தரம் இந்தப் படம் பாக்கேக்கை, எல்லாத்தையும் சரியாச் சொல்லிக்கொண்டு வந்த மனுசன், அந்த ஒரு வசனத்தை மட்டும் மாத்தினார். முகமும் ஒரு மாதிரிப் போச்சுது. ஏன் மாத்தோணும்? சுதன்ரை விசயத்திலையும் எதையோ மறைக்கிறார் எண்டு அண்டைக்கே எனக்கு விளங்கிட்டுது. பிறகு அவர் போடேக்கை எல்லாம் நானும் வந்து இருந்தனான். இண்டைக்காவது சொல்லுவார் எண்டுதான் ஒவ்வொருதரமும் ‘பிறகு?’ எண்டு கேட்டனான்.”

துளசி எழும்பி மேலே போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் உங்கள் கதிரையைப் பார்த்தபடி நின்றேன். பயமாக இருந்தது, அண்ணை. உங்களுக்குப் பயப்படுவேன் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

ஐயோ, அந்தச் சந்தியில் என்னதான் நடந்தது? சுதன் லொறியில் ஏறினானா, இல்லையா? விழுந்தவனை விட்டுவிட்டு ஓடிவந்தீர்களா? ஓடியிருந்தாலும் நான் குறை சொல்லமாட்டேன். அந்தக் காலத்தில் ஓடாதவர் யார்? ஆனால் மச்சாள் சோறு போடப் போட, எதிரே இருந்து எப்படிச் சாப்பிட்டீர்கள்?

அடுத்த நாள் மச்சாள் விம்பிள்டன் கோயிலுக்குப் போகவேண்டும் என்றார். கூட்டிக்கொண்டு போனேன். அர்ச்சனைக்குப் பேர் சொல்லும்போது சுதனின் பேரை விட்டார். எல்லாம் முடிந்த பிறகு ஐயரிடம் தனியாகப் போய், “என்ரை தம்பிக்கு ஆத்ம சாந்திக்குச் செய்யோணும்” என்றார்.

“திதி என்னம்மா?”

“என்ரை மனுசனுக்குத்தான் தெரியும்.”

புது ஐயர், பாவம், ஒன்றும் தெரியாது. “அப்ப அவரைக் கேட்டுச் சொல்லுங்கோவன்” என்றார்.

“கேட்டனான் ஐயா. சொல்லேல்லை” என்றார் மச்சாள்.

திதி தெரியாதவர்களுக்கு ஆடி அமாவாசையில் செய்யலாம் என்று ஐயர் சொன்னார். மச்சாள் தலையாட்டினார். திரும்பி வரும்போது ரயிலில் என் தோளில் சாய்ந்து அழுதார். ஏங்கி ஏங்கி அழுதார். உங்கள் செத்தவீட்டில்கூட அவர் அப்படி அழவில்லை.

ஆடி அமாவாசைக்கு நான் மச்சாளோடு போவேன், அண்ணை. சுதனுக்கு மோட்ச விளக்கு ஏற்றும்போது பக்கத்தில் நிற்பேன். உங்களுக்கும் செய்வோம், விடமாட்டோம். ஆனால் இனி உங்களுக்காக நான் பரிந்து பேசமாட்டேன். இது சத்தியம். என் கனவில் வந்து நிற்கவேண்டாம், என்னிடம் ஒன்றும் சொல்லவும் வேண்டாம். அமாவாசைக்கு முதல் மச்சாளிடம் வாருங்கள். சுதன் செத்த நாளை மட்டுமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

உங்கள் மேல் ஆசையும் கோபமும் தீராத
ஒரே தங்கச்சி,
வசந்தி