ரத்தக்காட்டேரிக் கதை சொன்னவளுக்கு

இன்று குழம்புக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். விரலில் ஏறிய வாடை உன்னைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்திவிட்டது. நீ கண்ணை மூடி ஒரு மாதம்தான் ஆகிறது.

எழுபதுகளில், தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் எழும்பிக்கொண்டிருந்த நேரம். கப்பல் ஏஜென்ட் ஆபீசில் நீயும் நானும் டைப்பிஸ்ட், அடுத்தடுத்த மேசை. நீ கடற்கரைத் தெருக்காரி. நான் ஆற்றங்கரை ஊரிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்தவள். பழைய புத்தகக் கடையில் வாங்கிய இங்கிலீஷ் நாவல்களை மதியச் சாப்பாட்டு வேளையில் எனக்குத் தமிழில் சொல்வாய். எல்லாம் ரத்தக்காட்டேரிக் கதைகள். இடிந்த கோட்டை, சவப்பெட்டிக்குள் படுத்திருக்கும் பிரபு, கழுத்தில் இரண்டு பல் தடம். பூண்டு வாடைக்கு அவன் கிட்டேயே வரமாட்டான் என்றாய். "அப்போ நம்ம ஊர்ப் பக்கம் தலைவச்சும் படுக்கமாட்டான்" என்று நான் சிரித்தேன்.

உனக்குப் பிடித்தது அந்தப் பிரபு அல்ல. ஒரு கதையில் தங்கையைப் பறிகொடுத்த பெண் ஒருத்தி வருவாள். உன் நல்லதுக்குத்தான் என்று சொல்லி ஆண்கள் அவளை அறையில் வைத்துப் பூட்டுவார்கள். அவள் ஜன்னல் வழியாக இறங்கி, அவன் படுத்திருக்கும் நிலவறைக்குத் தனியாகப் போவாள்.

"ஏளா, எல்லாரும் அவனத்தான் பெருசா பேசுதாவ. இவளப் பாரு. கை நடுங்குது. நடுங்கிக்கிட்டேதான் போறா" என்றாய்.

உனக்குக் கல்யாணமாயிற்று. வேலையை விடச் சொன்னார்கள், விட்டாய். இரண்டு வருஷம் கழித்து ஒரு காலையில் விடுதி வாசலில் வந்து நின்றாய். கழுத்தில் விரல் தடம். குழந்தையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு உன்னை வெளியே தள்ளியிருந்தான் உன் புருஷன்.

"குடும்பம்னா அப்படி இப்படித்தான் இருக்கும். ஒன் நல்லதுக்குச் சொல்லுதேன், திரும்பிப் போயிரு" என்றேன். சொன்ன பிறகுதான் என் வார்த்தை என் காதிலேயே விழுந்தது.

நீ என்னையே பார்த்தாய். "போவத்தான் போறேன், பிள்ளையத் தூக்கிட்டு வர. கூட வாரியா?"

வந்தேன், அவன் வீட்டுத் தெருமுனை வரைக்கும். வாசலில் அவனையும் அவன் அண்ணன்மாரையும் கண்டதும் மாதா சிலை வைத்த கெபிப் பக்கத்தில் என் கால் நின்றுவிட்டது. நீ திரும்பிப் பார்க்காமல் அவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனாய். கூச்சல் கேட்டது. ஏதோ உடைந்தது. பிறகு நீ வந்தாய், உதட்டில் ரத்தத்தோடு, இடுப்பில் குழந்தையோடு. பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தவன், தெருவே கூடி நிற்பதைப் பார்த்துப் படியோடு நின்றான்.

"இங்கனயே நின்னுட்டியாளா?" என்று என்னிடம் கேட்டாய். குரலில் கோபமே இல்லை. கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த வாரமே மதுரைக்குப் போய்விட்டாய். அங்கே டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்து மகளை ஆளாக்கினாய். வருஷம் தவறாமல் கிறிஸ்துமஸ் வாழ்த்து வரும். அந்த நாளைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதியதில்லை. மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டும் என்று நானும் ஒவ்வொரு வருஷமும் நினைத்தேன்.

போன வாரம் உன் மகள் வந்திருந்தாள். "அம்மா என்னத் தூக்கிட்டு வந்த அன்னைக்கு நீங்க இருந்தீங்களாமே. சொல்லுங்க சித்தி" என்றாள். உள்ளே கேட்ட கூச்சலை, உன் உதட்டு ரத்தத்தை, எல்லாம் சொன்னேன்.

"அப்போ நீங்க அம்மா கூடவே இருந்தீங்களா?"

"ஆமா" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒரு வாரமாகிறது. அந்த ஈரம் இன்னும் என் கையை விட்டுப் போகவில்லை.