இரண்டாவது வாளி

அன்பு மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நலம் என்று ஆரம்பித்து எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறேன். பாதி நாள் அது கைப்பழக்கத்தில் வந்த பொய். இன்று அப்படி இல்லை. நாங்கள் நலம். ஏரியும் நலம். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

உன் அட்டை போன வாரம்தான் உன் அக்கா கைக்கு வந்தது. குளிர்பதனக் கிடங்கில் வேலை, விரல் விறைக்கிறது, மற்றபடி குறையில்லை என்று நாலு வரி எழுதியிருந்தாய். முகவரியை யாருக்கும் தரவேண்டாம் என்று ஐந்தாவது வரி. அவளும் தரவில்லை. நேற்று ஏரியின் ஆய்வு முடிவு வந்தபிறகு தானே எடுத்து வந்து என் முன்னால் போட்டாள். உன் பழைய நம்பரோ ஐந்து மாதமாக அணைந்தே கிடக்கிறது.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல, தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

கோடையில் ஏரித் தண்ணீர் சுட்டு, சின்ன மீனெல்லாம் ஆழத்துக்குப் போய்விட்டது. நீ கரையோரம் தவிட்டு உருண்டை போட்டு எட்டுத் தடவை வலை வீசினாலும் ஒரு கைப்பிடி தேறவில்லை. இரைமீன் வாங்க வந்த தூண்டில்காரர்கள் உன் கடை வாசலில் காலி டப்பாவோடு நின்றார்கள். அதனால் ஆற்றில் தூண்டில் போடுகிறவர்களுக்கென்று கல்குவாரிக் குட்டையில் வலை வீசி அந்தச் செவ்வால் மீன்களைக் கொண்டுவந்தாய். ஆற்றில் அவை முன்பே உண்டு. ஏரிக்குள் போனால் மட்டும் மற்ற மீன்களின் முட்டையைத் தின்றே ஏரியைக் காலி செய்துவிடும் என்று எனக்குப் படித்துப் படித்துச் சொன்னாய். ஒரு நாள் மாலையில் மீந்த வாளியை நான் வேலை பார்த்த பம்ப் அறை வாசலில் வைத்து, "மாமா, இதை மண்ணுல புதைச்சிடுங்க, தண்ணியில விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

குழி தோண்டினேன், மாப்பிள்ளை. பொய் இல்லை. துள்ளுகிறதைப் பார்த்ததும் கை வரவில்லை. இரக்கம் பாதி, சோம்பல் பாதி. ஏரிப் படிக்கட்டு நாலடி தூரத்தில் இருந்தது, அங்கேயே ஊற்றிவிட்டேன்.

மூன்றாம் நாள் ஏரியில் யாரோ ஒருவருடைய தூண்டிலில் செவ்வால் சிக்கி, மீன்வளத்துறை ஆய்வாளர் அம்மா வந்து நம் இருவரையும் நிறுத்திக் கேட்டார். குடிநீர் ஏரியில் பம்ப் ஆபரேட்டரே வெளிமீனை விட்டான் என்றால் வேலையும் போகும், குவார்ட்டர்ஸும் போகும். நீ என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "நான்தான் ஊத்துனேன். நாப்பது மீன் இருக்கும். மாமாவுக்கு எந்த மீன் எதுன்னே தெரியாது" என்றாய். அன்றைக்கே உன் உரிமம் போனது. ஒரு வாரத்தில் நீயும் போனாய்.

தெரியாதது இனிமேல்தான். அன்று மாலை வாளியை வைத்துவிட்டு நீ கிளம்பிய பிறகு, ஆற்றில் தூண்டில் போடும் தையல்காரர் வந்தார். ஒன்றும் கடிக்கவில்லை என்று சலித்துக்கொண்டு, உன்னிடம் வாங்கிய செவ்வால்களை வாளியோடு என்னிடம் திருப்பித் தந்துவிட்டுப் போனார். அதையும் சேர்த்துத்தான் ஊற்றினேன். நாற்பது இல்லை மாப்பிள்ளை. எண்பதுக்குக் குறையாது.

ஆய்வாளர் அம்மா விடவில்லை. வாரம் நாலு நாள் வலை போட்டுச் செவ்வாலைப் பிடிக்க ஏற்பாடு செய்தார். ஆள் பற்றவில்லை என்று பம்ப் அறையிலிருந்து என்னையும் கேட்டார்கள். நான் வீசிய முதல் வலை விரியவே இல்லை, நனைந்த மூட்டைபோல விழுந்தது. இரண்டாவது வீச்சில் வலையோடு நானும் விழுந்தேன். நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். பிறகு நீ செய்வதை நினைத்து நினைத்துப் பார்த்தேன். கயிற்றை மணிக்கட்டில் மாட்டி, ஓரத்தைத் தோளில் போட்டு, நிழல் தண்ணீரில் விழாதபடி வெயிலைப் பார்த்து நின்று, இடுப்பைத் திருப்பி வீசினேன். பத்து நாளில் ஓரளவு வட்டமாக விழ ஆரம்பித்தது. ஈயக்குண்டுகள் ஒன்றாகத் தண்ணீரைத் தொடும் அந்தச் சத்தத்துக்கு நீ ஏன் ஆசைப்பட்டாய் என்று அப்போதுதான் புரிந்தது.

ஐந்தாவது வாரம் பிடிபட்டது முப்பத்தெட்டு ஆகிவிட்டது. மிச்சம் இரண்டையும் பெரிய மீன் தின்றிருக்கும், நாளையோடு முடித்துக்கொள்ளலாம் என்று அந்த அம்மா சொன்னார். எல்லோரும் வலையை அலசிக் காயப்போட்டார்கள். மழைக்கு இன்னும் ஒரு மாதம்தான். மழை வந்தால் செவ்வால் முட்டையிடும். ஏரியில் இன்னும் ஒரு வாளி இருக்கிறது என்பது அந்தக் கரையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அன்று வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. உப்பு போதவில்லையா என்று அக்கா கேட்டாள்.

மறுநாள் காலையில் படகு ஏறுமுன் அந்த அம்மாவிடம் போனேன். "நாப்பது இல்லைங்க. ரெண்டு வாளி" என்றேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். "ஊத்தினது நான்" என்றேன். "அந்தப் பையன் எங்க இருக்கான்?" என்றார். தெரியாது என்று சொன்னதுதான் எல்லாவற்றையும்விட வெட்கமாக இருந்தது.

வீட்டில் சொன்னது அதைவிடக் கஷ்டம். உன் அக்கா சத்தம் போடவில்லை. "அவன் சாப்பிட்டானோ என்னமோன்னு நான் தினம் கேக்குறேன். நீங்க பேசாம சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பத்து நாள் தட்டு மட்டும் பேசியது.

வலை நிற்கவில்லை. அடுத்த இரண்டு மாதத்தில் இன்னும் முப்பத்தொன்று பிடித்தோம். மற்றவை பெரிய மீன் வயிற்றுக்குப் போயிருக்க வேண்டும், ஆனால் அதை யார் கண்டது? முதல் மழை பெய்தபோது ஊரே குளிர்ந்தது, எனக்கு மட்டும் வேர்த்தது. மழை விட்டு மூன்று வாரம் கழித்து, பொடிக்கண் வலையால் கரை முழுவதும் அரித்துப் பார்த்தார்கள். நான் ஒரு முனையைப் பிடித்தேன். வலை நிறையக் குஞ்சுகள். அந்த அம்மா வெள்ளைத் தட்டில் போட்டு ஒவ்வொன்றாகப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். மூன்று நாள். எல்லாம் ஏரியின் சொந்தக் குஞ்சுகள். கடைசித் தட்டை ஏரியிலேயே கவிழ்த்துவிட்டு, "ஒண்ணுகூட இல்லை. இனிமே தூங்குங்க" என்றார். கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று அது எழுத்தில் வந்துவிட்டது. என் விஷயமும் கூடவே முடிந்தது. வேலை போகவில்லை. பம்ப் அறையிலிருந்து எடுத்து, குடிநீரை வடிகட்டும் மணல்தொட்டி கழுவும் பிரிவில் போட்டிருக்கிறார்கள். குவார்ட்டர்ஸ் இருக்கிறது. இடுப்புதான் வலிக்கிறது, அது எனக்கு வேண்டியதுதான்.

உன்மேல் இருப்பது வெளிமீனை ஏரிக்கரைக்குக் கொண்டுவந்த தப்பு மட்டும்தான். அதற்கு எச்சரிக்கையோடு விட்டு, உரிமத்தைத் திருப்பித் தருவதாக அந்த அம்மாவே எழுதியிருக்கிறார். மாதக் கடைசிக்குள் நீ நேரில் வந்து கையெழுத்துப் போடவேண்டும். கடைக்குத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன். தூண்டில்காரர்கள் பார்க்கும்போதெல்லாம் உன்னைக் கேட்கிறார்கள். ஊற்றியது யார் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். நானே சொன்னேன்.

உன்னிடம் கேட்க எனக்கு வாய் இல்லை. அக்காவுக்காகவாவது வா. எந்த வண்டி, எத்தனை மணி என்று மட்டும் எழுது. பஸ் ஸ்டாண்டில் நான் நிற்பேன். வழியெல்லாம் நீ என்னோடு ஒரு வார்த்தை பேசாவிட்டாலும் சரி. இறங்கியதும் உன் பையை மட்டும் என் கையில் கொடு.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
மாமா